போ என்றாவது, இரு என்றாவது

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
நவம்பர் 3

அன்புள்ள மெரின் அக்காவுக்கு,

சேசுவுக்கே புகழ். தம்பி ஜெர்ரி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மடத்தில் நீயும் மற்ற சிஸ்டர்களும் நலமா? மலையடிவாரத்தில் இப்போதே குளிர் தொடங்கியிருக்கும் என்று அம்மா சொல்கிறாள். காலுக்குச் சாக்ஸ் போட விடுவார்களா என்று கேட்கச் சொன்னாள்.

நேற்று கல்லறைத் திருநாள். அப்பாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பக்கத்து வீட்டுச் சிவசங்கரி அக்கா பெரிய மார்க்கெட்டில் தான் விற்க வைத்திருந்த சாமந்தியில் ஒரு கூடை அப்படியே கொடுத்துவிட்டார். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. சிமெண்டில் ‘லூர்துநாதன்’ என்று எழுதியதில் ‘நா’வின் கால் உதிர்ந்துவிட்டது. ஆணியால் கீறிச் சரிசெய்தேன்.

ஒரு விஷயம். ஜூலையில் நானும் விமல்ராஜும் பட்டாளத்துக்கு எழுத்துத் தேர்வு எழுதினோம். அக்னிவீர். சும்மா அவனுக்குத் துணையாகத்தான் போனேன். இரண்டு பேரும் பாஸ். மார்ச்சில் ஓட்டமும் உடல் தேர்வும். தினமும் விடியற்காலையில் உப்பளம் மைதானத்தில் ஓடுகிறேன். பி.காம். வகுப்பில் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வருகிறது, ஓடினால் வருவதில்லை. இதைவிட வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். “உங்க அக்காவைக் கேளு” என்றாள். கேட்கிறேன். போகட்டுமா?

ஆகஸ்ட் பதினைந்தில் உன் நித்திய வார்த்தைப்பாடு, அதற்குப் பிறகு நீ கடைசிவரை மடத்துக்குத்தான் என்று தெருவில் எல்லோரிடமும் அம்மா சொல்லிவிட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
ஜெர்ரி


தியான மடம், வத்தலகுண்டு வழி
நவம்பர் 26

அன்புத் தம்பி ஜெர்ரிக்கு,

மரியே வாழ்க. நான் சுகம். சாக்ஸ் உண்டு, கம்பளியும் உண்டு, அம்மாவிடம் சொல். அம்மாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா?

உன் கடிதத்தைத் தோட்டத்தில் நின்று படித்தேன். நான் வந்தபோது பதினோரு வயதுப் பையன் நீ, அரை டிராயரோடு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவந்தாய். அந்த ஓட்டம் இப்போது பட்டாளம்வரை வந்துவிட்டதா?

போவதற்கு உனக்கு மனமிருந்தால் போ என்றுதான் சொல்வேன். மனதுக்குள் ஒரு அழைப்பு வந்துவிட்டால் அதைக் காதில் வாங்காமல் வாழ்வது கஷ்டம், எனக்குத் தெரியும். அம்மாவை நினைத்துத் தயங்காதே. நான் மடத்துக்கு வருகிறேன் என்றபோது அழுதாள். ஆனால் ஒரு மாதத்துக்குள் தானே வந்து என் தலைமுடி கத்தரிக்கிறதைப் பார்த்துவிட்டுப் போனாள். திடமான மனுஷி.

அம்மாவுக்கு ஒரு வேலை. வார்த்தைப்பாட்டுக்கு நான் போடும் வெள்ளை முக்காட்டை வீட்டிலிருந்து தைத்து அனுப்பலாம் என்று மதர் அனுமதித்திருக்கிறார். அளவு தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவின் ஊசி தைத்ததைத் தலையில் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்படியே அவள் கையால் இரண்டு வரி எழுதச் சொல். ஏன் ஐந்தாறு மாதமாக உன் எழுத்தே வருகிறது?

திருவருகைக் காலத்தில் எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து கிடையாது. நீ எழுதுவது கிறிஸ்துமஸ் அன்றுதான் என் கைக்கு வரும்.

ஜெபத்தில் உங்களை நினைக்கும்,
மெரின்


புதுச்சேரி
டிசம்பர் 27

அன்புள்ள அக்கா,

கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துகள். நாங்கள் நலம். அம்மாவின் சர்க்கரை பரவாயில்லை. குடில் வைத்தோம். ஆட்டுக்குட்டி ஒன்று உடைந்துவிட்டதால் இரண்டுதான் நிற்கிறது. நடுராத்திரிப் பூசைக்கு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கூட்டம்.

முக்காட்டு வேலை என்றதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போய் நேரு வீதியில் துணி எடுத்தாள். கடைக்காரர் நாலு வெள்ளை காட்டினார். அம்மா நாலையும் கன்னத்தில் வைத்துப் பார்த்து ஒன்றை எடுத்தாள். தைக்கக் கொஞ்சம் நாள் ஆகும். மிஷின் பெல்ட் அறுந்துவிட்டது.

இரண்டு வரி எழுதச் சொன்னேன். “அப்புறம் எழுதறேன்டா, கையில மாவு” என்றாள்.

நீ ‘போ’ என்று எழுதியதை வாசித்துக் காட்டினேன். “பாத்தியா, அவளே சொல்லிட்டா” என்றாள். சொல்லிவிட்டு வாசலில் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா, நான் கேட்பதற்குச் சிரிக்காதே. நீ போன பிறகும் வீட்டில் அப்பா இருந்தார், நான் இருந்தேன். இப்போது நான் போனால் யார் இருப்பார்கள் என்று யோசித்துத்தான் ‘போ’ என்றாயா? யோசித்திருப்பாய். இருந்தாலும் இன்னொரு தரம் யோசித்து எழுது.

எதிர்வீட்டுச் சொல்தா மாமாவின் பேரனும் அவரைப்போலவே பிரான்ஸ் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டானாம். போட்டோவைத் தெருவெல்லாம் காட்டுகிறார்கள்.

புது வருஷம் உனக்கு நன்றாக இருக்கட்டும்.

ஜெர்ரி


தியான மடம்
ஜனவரி 30

அன்புத் தம்பி,

உங்கள் இருவருக்கும் மாதா துணை. நான் சுகம்.

முக்காட்டுப் பார்சல் நேற்று வந்தது. பிரித்ததும் முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். வீட்டு வாசனை இருந்தது. பிறகு விரித்துப் பார்த்தேன்.

ஜெர்ரி, இதை யார் தைத்தது? நான் அம்மாவின் மிஷினுக்குக் கீழே விளையாடி வளர்ந்தவள். மாதா சுரூபத்துக்குச் சேலை தைக்க நம் பங்குக் கோயிலில் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். இதில் ஓரம் பாம்பு போலப் போகிறது. ஒரே இடத்தில் பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறது, துணியில் ஓட்டை ஓட்டையாக. ஒரு மூலையில் பழுப்பாக ஏதோ கறை, துவைத்தும் போகவில்லை.

அம்மாவுக்கு என்ன?

எதையும் மறைக்காமல் எழுது. உடனே எழுது. பிப்ரவரி பதினெட்டு விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். அன்றிலிருந்து வரும் கடிதங்களை ஏப்ரலில் உயிர்ப்பு ஞாயிறுவரை மதர் அலமாரியில் வைத்துவிடுவார். யாருக்கும் விலக்கு இல்லை.

காத்திருக்கும்,
மெரின்


புதுச்சேரி
பிப்ரவரி 13

அன்புள்ள அக்கா,

நீ சுகமாக இரு. உன் கடிதம் இன்றுதான் வந்தது. அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டவில்லை. சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். மீறுகிறேன்.

அம்மாவுக்குக் கண் தெரியவில்லை.

சர்க்கரை கண்ணுக்குள் போய்விட்டதாம். ஏப்ரலில் மங்கலாக இருக்கிறது என்றாள், கண்ணாடி மாற்றினோம். ஜூனில் வலது கண் பார்வையில் கறுப்பாக ஏதோ ஒழுகுவதுபோல் தெரிகிறது என்றாள். அதன்பிறகு கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு வாரா வாரம் போகிறோம். லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. டாக்டர் அம்மா நல்லவர். “இருக்கிறதைக் காப்பாத்தப் பாக்கிறோம்மா, போனது வராது” என்று தோளில் கை வைத்துச் சொன்னார். “அது போதும் டாக்டர்” என்றாள் அம்மா. வெளியே வந்து, ஆட்டோ என்று நினைத்து ஒரு கார் கதவைத் திறக்கப் போனாள்.

முக்காட்டை அவள்தான் தைத்தாள். பெல்ட் அறுந்தது பொய். நூல் கோத்துக் கொடுத்தது மட்டும் நான். விரலால் ஓரத்தைத் தடவித் தடவித் தைத்தாள். ஊசி நகத்துக்குள் இறங்கிவிட்டது. கறை அதுதான். “கடையில வாங்கி அனுப்பிடலாம்மா” என்றேன். “அவ என் கையத்தானடா கேட்டா” என்றாள்.

வார்த்தைப்பாடு முடிகிறவரை உனக்குத் தெரியக்கூடாது என்பது அவள் பிடிவாதம். “இது தெரிஞ்சா அவ பையைத் தூக்கிகினு வந்து நிப்பா. அதுக்கா ஆறு வருஷம் அங்க இருந்தா?” என்கிறாள். மடத்துக்குப் போன் செய்ய நினைத்தேன். சாவுச் செய்திக்கு மட்டும்தான் அந்த நம்பர் என்று நீ போகும்போது சொன்னாய். கண் போவது சாவு இல்லையே.

மார்ச் பத்தாம் தேதி எனக்கு ஓட்டம். நான் போனால் இவளுக்குச் சட்டியில் உப்பு எது, சர்க்கரை எது என்று யார் சொல்வது? போகாவிட்டால் வாழ்க்கை முழுக்க அவள் முகத்தைப் பார்த்து நான் என்ன நினைப்பேன் என்பதும் எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவைக் கேட்டால் போ என்கிறாள். அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை.

நீ பெரியவள். போ என்றாவது இரு என்றாவது ஒரு வார்த்தை எழுது. நீ சொல்வதை நான் கேட்கிறேன். விபூதிப் புதனுக்கு முன்னால் கிடைக்கட்டும் என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

ஜெர்ரி


புதுச்சேரி
மார்ச் 4

அக்கா,

சுகம்தானே? இங்கே அப்படியே இருக்கிறோம்.

பதில் வரவில்லை. கடிதம் புதன்கிழமைக்கு முன்னால் கிடைத்ததா, அலமாரிக்குப் போய்விட்டதா என்று தெரியவில்லை. தபால் ஆபீஸில் கேட்டால் பட்டுவாடா ஆகிவிட்டது என்கிறார்கள். எந்தக் கிழமை என்று கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். புதனுக்கு முந்திதான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இதுவும் அலமாரிக்குத்தான் போகும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஜெர்ரி


புதுச்சேரி
மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். நான் தேறிவிட்டேன்.

ஓட்டத்துக்கு முந்தின நாள்வரை போவதில்லை என்றுதான் இருந்தேன். ராத்திரி பஸ்ஸுக்கு விமல்ராஜ் வந்து நின்றான். அம்மா எனக்கு முன்னால் என் பையை வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தாள். உள்ளே தடவிப் பார்த்தேன். சட்டை, துண்டு, பிஸ்கட். ஷூ இரண்டும் இடது கால் ஷூ. ஒன்று பழையது. அவளிடம் சொல்லாமல் மாற்றிக்கொண்டேன்.

மைதானத்தில் நூறு நூறு பேராக ஓடவிட்டார்கள். ஆயிரத்து அறுநூறு மீட்டர். மூன்றாவது சுற்றில் எனக்கு முன்னால் ஆறேழு பேர்தான். அப்போது நினைத்தேன் அக்கா, இப்போது மெதுவாக ஓடினால் போதும், யாருக்கும் தெரியாது, தோற்றுவிட்டேன் என்று வீட்டுக்குப் போய்விடலாம், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அப்படி நினைத்துக்கொண்டே ஓடினேன். கால் கேட்கவில்லை. விமல்ராஜ் கடைசிச் சுற்றில் உட்கார்ந்துவிட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் என் தோளில் அழுதான், எனக்கும் அழுகை வந்தது. தனக்காக நான் அழுகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பதினெட்டு முடிய எனக்கு இன்னும் கொஞ்ச மாதம் இருப்பதால் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும். “எங்க போடணும், விரலை வையி” என்றாள். வைத்தேன். என் விரல் மேலேயே பாதிப் பெயரை எழுதிவிட்டாள்.

நீ மௌனமாக இருப்பதைப் போ என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

ஜெர்ரி


தியான மடம்
ஏப்ரல் 6

என் தம்பி ஜெர்ரிக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்து என்று எழுதக் கை வரவில்லை. நேற்று பூசை முடிந்து மதர் எல்லோருக்கும் கடிதம் பிரித்துக் கொடுத்தார். எனக்கு மூன்று. தேதி பார்த்து வரிசையாகப் படித்தேன். நீ கேட்டதையும், காத்திருந்ததையும், போனதையும் ஒரே இடத்தில் நின்றபடி படித்தேன்.

உன் ஸ்பீடு போஸ்ட் விபூதிப் புதன் காலையில் வந்திருக்கிறது. நாங்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டிருந்த நேரம்.

இத்தனை நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ‘அம்மாவுக்கு என்ன’ என்று உன்னைக் கேட்டுவிட்டு, பதில் வராததால் ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். அந்த முக்காட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

மதரிடம் பேசினேன். நித்திய வார்த்தைப்பாடு கொடுக்காதவரை நான் வீட்டுக்குப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அவர் ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. “அம்மாவைக் கேட்டுவிட்டு முடிவெடு” என்றார்.

நான் வருகிறேன் ஜெர்ரி. நீ போ. நான் வந்து அம்மாவோடு இருக்கிறேன். இதை அம்மாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டு. ஒரு வரியும் விடாதே.

உன் அக்கா


புதுச்சேரி
ஏப்ரல் 19

சிஸ்டர் அக்காவுக்கு வணக்கம். நான் சிவசங்கரி மகள் கவிநிலா, எட்டாவது படிக்கிறேன். லூர்துசெல்வி பெரியம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஜெர்ரி அண்ணன் வீட்டில் இல்லை.

மெரினு, அம்மா பேசறேன். நல்லா இருக்கியா? சாப்புடறியா?

தம்பி உன் லெட்டரைப் படிச்சான். அழுதுகினே படிச்சான், எனக்குக் காது நல்லா கேக்குது. நீ வராத. வந்தியானா நான் கதவைத் தொறக்க மாட்டேன்.

உங்க அப்பா செத்தப்போ நீ வரல. வரக்கூடாதுன்னு உங்க சட்டம். பெட்டிய மூடறப்போ எல்லாரும் மெரினு எங்க மெரினு எங்கன்னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்கல. அதைத் தாங்கினவ இதையும் தாங்குவேன். அப்ப வராதவ என் கண்ணுக்கு வந்தா, அந்தாளுக்கு நான் என்ன பதில் சொல்றது?

நீ வந்தா என்னா ஆவும் தெரியுமா? காலையில எனக்குக் காபி போட்டுக் குடுப்ப. மூஞ்சிய எப்படி வெச்சிகினு குடுக்கறேன்னு எனக்குத் தெரியாது. அது தெரியாம எத்தினி வருஷம் குடிக்கறது?

தம்பியும் போவட்டும். அவனை இங்க வெச்சிகினா ராத்திரியில வாசக்கதவு வரைக்கும் போயிட்டுப் போயிட்டு வரான். எனக்குக் கேக்குது.

நான் சுவரைப் புடிச்சிகினு வீடு பூரா நடக்கறேன். சோறு வடிக்கறேன். சங்கரி இருக்கா, இந்தப் பொண்ணு இருக்கு. ஆகஸ்ட்டுல நான் வரேன். அந்த முக்காட்டைப் போட்டுகினு நில்லு.

பெரியம்மா அவ்வளவுதான் என்கிறார். இப்போது தலையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதை எழுதலாமா என்று கேட்கவில்லை, நானாக எழுதினேன்.

கவிநிலா


பயிற்சி மையம், நாசிக்
ஜூன் 7

அன்புள்ள அக்கா,

நலம். நீ நலமா? கிளம்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது. வாரத்துக்கு ஒருமுறை போன் தருகிறார்கள். சிவசங்கரி அக்கா நம்பருக்குப் பேசினேன். அம்மா “சாப்பிட்டியா” என்று கேட்டாள், “சாப்பிட்டேன்” என்றேன். “நீ சாப்பிட்டியாம்மா” என்றேன். “சாப்பிட்டேன்” என்றாள். பின்னால் நின்றவன் தோளைத் தட்டினான்.

நீ வரவேண்டாம் என்று அம்மா எழுதியதற்கு நீ என்ன பதில் எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

கிளம்பின நாளைச் சொல்கிறேன். பாண்டி ஸ்டேஷனுக்கு அம்மா வந்தாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை, நல்ல சேலை கட்டியிருந்தாள். கவிநிலா கையைப் பிடித்திருந்தாள். ரயில் ஏறும்வரை அம்மா என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினாள். “அங்க அடிப்பாங்களாடா?” என்றாள். “இல்லம்மா” என்றேன். “அடிச்சாலும் சொல்ல மாட்டே” என்றாள்.

ஏறி ஜன்னலில் உட்கார்ந்தேன். கவிநிலா தண்ணீர் பாட்டில் வாங்க ஓடினாள். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. அம்மா கையை ஆட்டினாள் அக்கா. எனக்கு இல்லை. எனக்கு அடுத்த பெட்டி ஜன்னலைப் பார்த்து ஆட்டினாள். அங்கே யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். “அம்மா, இங்க, இங்க” என்று கத்தினேன். சத்தத்தில் கேட்கவில்லை. அந்தப் பெரியவர் பாவம், கொஞ்சம் திகைத்துவிட்டு அவரும் கையை ஆட்டினார். அம்மா சிரித்தாள்.

நான் நன்றாக ஓடுகிறேன் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

ஜெர்ரி


தியான மடம்
ஆகஸ்ட் 17

அன்புத் தம்பி ஜெர்ரிக்கு,

மரியே வாழ்க. உடம்பு எப்படி? காலில் கொப்புளம் என்று எழுதியிருந்தாயே, ஆறிவிட்டதா? நான் சுகம்.

நேற்று முன்தினம் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தேன். ஏன் என்று நீ கேட்க மாட்டாய். நானும் எழுதவில்லை. ஏப்ரலிலிருந்து என்னிடம் பதில் ஒன்று இருந்தது, அது வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே வந்தது. அந்தக் காலையில் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் நடந்தேன்.

அம்மா வந்திருந்தாள். சிவசங்கரி அக்கா கூட்டிக்கொண்டு வந்தார். ராத்திரி முழுக்க பஸ். பூசை முடிந்து சந்திப்பு அறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தார்கள். கம்பிக்குள் இரண்டு கையையும் விட்டு முக்காட்டைத் தடவிப் பார்த்தாள். “ஓரம் கோணலா இருக்குதாடி?” என்றாள். “நேரா இருக்கும்மா” என்றேன். பிறகு முகத்தைத் தடவினாள். “நல்லாத் தெரியுது உன் மூஞ்சி. எளச்சிட்ட” என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பின்னால் இருந்த சுவரை.

உன்னைப் பற்றித்தான் அதிகம் பேசினாள். துப்பாக்கி கொடுத்துவிட்டார்களா, கனமாக இருக்குமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு எழுதும்போது சொல்.

தனியாக எப்படி இருக்கிறாய் என்று அவளைக் கேட்க நினைத்தேன். சிவசங்கரி அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். கேட்கவில்லை. அம்மாவின் முழங்கையில் பெரிய தீக்காயம் ஒன்று, ஆறியும் ஆறாமலும். கஞ்சி வடிக்கும்போது பட்டது என்றாள். நான் கேட்காமலே சொன்னாள்.

மாலை ஜெபத்துக்கு மணி அடித்தது. “மணி அடிக்குதில்ல, நீ போ உள்ள” என்றாள். எழுந்துகொண்டேன். கம்பிக்கு இந்தப் பக்கத்துக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். போட வேண்டியது என் வேலை.

தாழ் போட்ட பிறகு அம்மாவின் குரல் கேட்டது.

“சங்கரி, இங்க படி இருந்துச்சே. எங்க?”

“இரு அக்கா, வரேன். அப்படியே நில்லு. காலைத் தூக்காத.”

நான் கதவில் கையை வைத்தபடி நின்றேன். எத்தனை படி என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். இரண்டாவது மணி அடித்துவிட்டது.

உன்னைப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே.

உன் அக்கா,
மெரின்